மூன்று சொட்டு

குற்றாலத்துச் சாரல்
தென்காசி ரோடு மைதானம் வரை வந்துவிட்ட சனிக்கிழமை.
பதினான்கு பெயின்ட்பால் துப்பாக்கியில்
ஆறு சீறுகிறது, சுடாமலே.

பிரித்தேன்.
ஊறப்போட்ட உளுந்தாய்
உப்பிக் கிடந்தது ஒவ்வொரு ஓ-ரிங்கும்.

ஏலே, யாரு எண்ணெய் போட்டது?
தையல் மெஷின் எண்ணெய் டப்பாவை
முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டான் மீரான்.
நல்லா வழுக்குதேன்னு போட்டேன்க்கா.

விளையாட வந்த ஆயுதப்படை ஏட்டு
எட்டிப் பார்த்தார்.
எங்க ரைஃபிளுக்கு ஊத்துறது இருக்கு, கொண்டாரட்டுமா?
அது இரும்புக்கு, ஏட்டய்யா.
இதுக்குத் தொண்டை ரப்பர்.

தேங்காயெண்ணெய் மார்கழியில் உறைந்து
ஒரு மாப்பிள்ளைக் கோஷ்டியே
சுடாமல் திரும்பியது போன வருடம்.
துரு நீக்கும் ஸ்பிரே பற்றிப்
பேசவே வேண்டாம்.

இதற்கென்றே விற்கிற குப்பி
கட்டைவிரல் உயரம்தான்.
விலையைக் கேட்டு முதலாளி செல்வமோசே
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி மாட்டினார்,
விலை அதேதான்.

புது ரிங் மாட்டி
காற்று நுழையும் வாயில் மூன்று சொட்டு.
குண்டில்லாமல் பத்துத் தடவை.
டக். டக்.
சீறல் நின்றது.

ஐந்தாம் நிமிடம்
மீரானின் மஞ்சள்
ஏட்டய்யா தொப்பையில் உடைந்தது.

வலிச்சுதா என்று எல்லோரும் ஓடினார்கள்.
நான் கேட்டது வேறு:
சத்தம் எப்படி இருந்தது,
சுத்தமா?