உயரம் காட்டாத வரைபடம்

சோங்சிங் நகரில் தரைத்தளம் எது என்று
யாரிடமும் கேட்கக் கூடாது.
நாங்கள் கேட்டோம்.
தோளில் மூங்கில் கழி சாத்தியிருந்த சுமைகூலிக்காரர்
மேலே கை காட்டினார், பிறகு கீழே,
பிறகு சூரியகாந்தி விதை கொறிக்கப் போய்விட்டார்.

ஹெனானில் எங்கள் ஊர்
மாவு தேய்க்கும் பலகை போலத் தட்டை.
கோதுமை வயலின் இந்த வரப்பில் நின்றால்
அந்த வரப்பில் தும்முவது யாரென்று தெரியும்.
அங்கே ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வந்தால்
தள்ளித்தான் போக முடியும்.
மேலேயோ கீழேயோ போக இடமில்லை.

மே மாத விடுமுறை, ஐந்து நாள்.
டயர்க் கடைக்குப் பூட்டு.
பயணத் திட்டம் ரூய்சே எழுதியது, ஒன்பது வயது,
பச்சை மையில், மணி நிமிடக் கணக்கோடு:
கட்டடத்துக்குள் புகும் ரயில்,
ஆற்றைக் கடக்கும் கம்பி வண்டி,
ஒன்பது கட்டம் பிரித்த சட்டியில் ஹாட்பாட்.
அப்பாவும் அம்மாவும் பேசும் நேரம் என்று
எந்த வரியிலும் இல்லை.
பிப்ரவரியிலிருந்து நானும் தெகுவாங்கும்
டயர் அளவுகளை மட்டுமே பேசிக்கொள்கிறோம்.

லீசிபாவில்
ரயில் அடுக்குமாடியின் வயிற்றுக்குள் போனது.
கீழே முந்நூறு பேர் வாயைப் பிளந்து நின்றார்கள்,
ரயிலைக் கடிப்பது போலப் படமெடுக்க.
ரூய்சேயும் பிளந்தான்.
தெகுவாங் மண்டியிட்டுக் கோணம் பார்த்தான்.
ஏழாவது ரயிலில்தான் சரியாக வந்தது.
படத்தின் ஓரத்தில் என் முழங்கை.
ரயிலுக்கும் மேலே ஒரு ஜன்னலில்
ஒரு பெண் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள்,
எங்களில் ஒருவரையும் பாராமல்.

தண்ணீர் வாங்கிவரப் போன தெகுவாங்
திரும்பாதது அதற்கப்புறம்.

இருப்பிடம் அனுப்பினான்.
வரைபடத்தில் அவன் ஒரு நீலப் புள்ளி,
நான் ஒரு நீலப் புள்ளி,
ஒன்றின்மேல் ஒன்று.
"இங்கேதான் நிற்கிறேன்" என்றான்.
"நானும் இங்கேதான்."
அவன் பக்கத்தில் பேருந்து நிறுத்தம்.
என் பக்கத்திலும் பேருந்து நிறுத்தம்.
அவனுக்கு எதிரே நூடுல்ஸ் கடையாம்,
எனக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை.
"கண்ணைத் திறந்து பார்."
"நீ பார்."
ஒரே புள்ளியில் நின்று
இருவரும் கத்திக்கொண்டிருந்தோம்.
பழகிய இடம்தான்.

ரூய்சே தடுப்புக் கம்பியில் வயிற்றை அழுத்தி
எட்டிப் பார்த்தான்.
"அப்பா தொப்பி" என்றான்.

ஆறு தளம் கீழே இன்னொரு தெரு.
அதிலும் மரங்கள், அதிலும் போக்குவரத்து நெரிசல்.
டயர் கம்பெனி இலவசமாகக் கொடுத்த சிவப்புத் தொப்பி
கூட்டத்தில் அங்குமிங்கும் அலைந்தது.
மூன்று பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு
போகிற வருகிறவர்களிடமெல்லாம்
எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.
ஒருவர் மேலே கை காட்டினார். அவன் நம்பவில்லை.
தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தான்.
உச்சியில் வெளிறிய ஒரு வட்டம்.

அது எப்போது வந்தது?
பதினாறு வருடமாக அவனை
எதிரிலும் பக்கவாட்டிலும், சமீபமாக முதுகிலும்
பார்த்திருக்கிறேன்.
மேலிருந்து பார்த்ததில்லை.

"மேலே பார்" என்றேன் போனில்.
இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான்.
சமவெளிக்காரன்.
"மேலே, தெகுவாங்."
அந்தப் பெயர் வாயில்
புது ஊர்ச் சோறு போல இருந்தது.

லிஃப்ட்டுக்கு ஒரு யுவான்.
வந்து சேர்ந்தபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.
யார் தொலைந்தது என்பதில்
இன்னும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

ராத்திரி ஹாட்பாட் கடையில்
எண்ணெய் சிவப்பாகக் கொதித்தது. மூவருக்கும் மூக்கு ஒழுகியது.
ரூய்சே பச்சைப் பேனாவை எடுத்து
இரண்டு வரிகளுக்கு நடுவே நெருக்கி எழுதினான்:
மூன்று பத்து முதல் மூன்று ஐம்பது வரை, அப்பா தொலைதல்.
சரிக்குறியும் போட்டான்.

"மேலேயிருந்து எப்படித் தெரிந்தேன்?"
சட்டியைப் பார்த்தபடியே தெகுவாங் கேட்டான்.
பிப்ரவரிக்குப் பிறகு
டயர் சம்பந்தமில்லாத முதல் கேள்வி.

"நாளைக்கும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்" என்றேன்.

"இந்த ஊரில் வெயிலே இல்லையே" என்றான்.