யாருடையதோ முழங்கால்

ராஜா அம்பாட்டில், படகு கிளம்புமுன்
ஒர்பா மம்ப்ராசர் எண்ணுகிறாள்:
ஆறு சிலிண்டர், ஐந்து விருந்தினர், ஒரு கேமரா.
அதன் ரப்பர் வளையத்தில் ஒரு முடி கிடந்தால் போதும்,
கடல் உள்ளே வந்துவிடும்.

ஐந்து மீட்டரில் சிவப்பு மங்கத் தொடங்கும்.
பதினெட்டில்
பவளம் கீறிய விரலிலிருந்து
பச்சையாகக் கசிகிறது ரத்தம்.
அங்கேதான் அந்த பெல்ஜியப் பல் மருத்துவர்
வாயிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார்.

தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டாள்.
மூச்சுக்குழாயைத் திணித்தாள்.
இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டினாள்:
என்னைப் பார்.
விடு. இழு. விடு.
இடுப்பு வளையத்தில் தொங்கிய கேமராவை
யாரும் அணைக்கவில்லை.

இரவு, ஜெனரேட்டர் நிற்பதற்குள் ஓட்டிப் பார்க்கிறாள்.
சாய்ந்த கடல். குமிழி, குமிழி,
யாருடையதோ முழங்கால்.
அவர் நகம் பதிந்த அவள் மணிக்கட்டு.
பின்னால், அவசரமே இல்லாமல்,
இரண்டு வாரமாக எல்லோரும் கேட்டுத் துளைத்த
மாண்டா திருக்கை
ஒரு கூரையளவு வந்து
வயிற்றுப் புள்ளிகளைக் காட்டித் திரும்புகிறது.

ஐந்து பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.
அவளும்தான்.

கோப்புக்குப் பெயர் கேட்கிறது மடிக்கணினி.
கொஞ்ச நேரம் யோசித்து
'பல் மருத்துவர்' என்று தட்டுகிறாள்.
விளக்கு போகிறது.
மணிக்கட்டு இன்னும் எரிகிறது.