தொகை சரி

ஐம்பத்து மூன்று பைட்.
ஐந்தில் விலாசம், நாற்பத்தெட்டில் சரக்கு.
இதற்குப் பெயர் செல்.

‘செல் விழுது’ என்று ஹெட்டிகே முதல்தடவை கூவியபோது
நான் மேசைக்கடியில் இருந்தேன்.
சாவகச்சேரியில் அந்தச் சொல்
வானத்திலிருந்துதான் விழும்.
அவருக்கு விளங்கவில்லை.
‘பேனை விழுந்ததா?’ என்றார்.

கோட்டையில் எங்கள் நிலையம் மூன்றாம் மாடி.
(நாலாம் மாடி என்றிருந்தால்
வேலைக்கே விண்ணப்பித்திருக்கமாட்டேன்.)
இரவு முழுக்க ஏசி இரைச்சல்,
ஒரு திரை, ஒரு சிப்பின் கவுண்டர்கள்.

சிப் செய்வது இவ்வளவுதான்:
ஆயிரத்து இருபத்துநான்கு போனபின்
கடைசியாக ஒன்றை அனுப்பும்.
அதில் யாருடைய பேச்சும் இல்லை.
‘எனக்கு முன்னால் இத்தனை பேர் புறப்பட்டார்கள்’
என்ற எண் மட்டும்.
கண்டியிலிருக்கும் சிப் தான் எண்ணியதைக் கழிக்கும்.
குறைந்தால், தொலைந்தது.
கூடினால், வழிமாறி வந்து புகுந்தது.
பிரித்துப் படிக்காது. வங்கிக் கணக்கோ
வட்டவளையிலிருந்து ஒருத்தி அழுவதோ
அதற்கு எல்லாம் ஒன்று.

ஒன்று தொலைந்து
அதே நேரம் வேறொன்று புகுந்தால்?
கழித்தால் பூச்சியம். பச்சை விளக்கு.
ஒற்றையா இரட்டையா என்று
பிட்டுகளைப் பார்க்கும் சின்னக் கணக்கு ஒன்றுதான்
ஒட்டாமல் நிற்கும்.

வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜ்,
ரயில் போனால் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும்.
பொலிஸ் பதிவில் ஏழு பேர்.
புதன் காலை ரூபநாதன்
மருதானைக்கு டைப்பிங் வகுப்புக்குப் போனான்.
வியாழன் இரவு, மன்னாரிலிருந்து
செபமாலை வந்தான். பாஸ் முடிந்திருந்தது.
காலியாயிருந்த பாயில் படுத்தான்.

வெள்ளி ரோந்து வந்தது.
நல்ல மழை. சப்பாத்தைக் கழற்ற மனமில்லாமல்
வாசலில் நின்றே ரோர்ச் அடித்தார்கள்.
விரல் ஒவ்வொரு தலையாக நகர்ந்தது.
‘ஹத் தெனாய்.’
தாளிலும் ஏழு. சரி.

ஜீப் திரும்பும்வரை ஒருவரும் அசையவில்லை.
பிறகு மூச்சு விட்டோம்,
யாரோ சிரித்தும்விட்டான்.
ரூபநாதன் எங்கே என்று அவர்கள் கேட்காததற்கு
நாங்கள் சந்தோஷப்பட்டோம்.
அதைத்தான் எழுத வந்தேன், சிப்பைப் பற்றியல்ல.

சனி இரவு, மூன்று மணிக்கு
ஒரு தொகுதியில் பரிட்டி பிழைத்தது.
எண்ணிக்கை சரியாயிருந்தது.
ஹெட்டிகே கொட்டாவி விட்டார்: ‘எல்லைக்குள்தானே, விடு.’
பதிவேட்டில் நேரத்தை எழுதினேன்.
எதிரே ‘காரணம்’ என்றொரு கட்டம்.
வெறுமையாக விட்டேன்.

காலையில் லொட்ஜுக்கு வந்து முகம் கழுவினேன்.
ஜன்னலில் பால்மா டின்.
அதில் எட்டு பிறஷ்.