பழைய காலுறை

காற்றுச் சுத்திகரிப்பானில் சிவப்பு விளக்கு
முந்தாநாளே எரியத் தொடங்கிவிட்டது.
புது வடிகட்டி எண்பதாயிரம் துக்ரிக்.
இந்த மாதச் சம்பளத்தில்
செல்மெக்குக்குப் பனிக்காலணி வாங்கியாயிற்று.
(கோடையில் பிறந்தவள்.
தெளிந்த வானம் என்று பொருள்வரப்
பெயர் வைத்தோம்.)

ஓட்டை விழுந்த என் நைலான் காலுறையை
அதன் முதுகில் இழுத்து மாட்டினேன்.
பெரிய தூசு இதிலேயே நின்றுவிடும்,
உள்ளே இருப்பது மார்ச் வரை தாங்கும் என்று
அலுவலகத்தில் சொலோங்கோ சொன்னாள்.
சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்.
இனி அது என்னிடம் எதுவும் கேட்காது.

உலான்பாத்தரில் மைனஸ் முப்பது.
ஜன்னலைத் திறக்கிற பேச்சே இல்லை.
மூன்று நாளுக்கொருமுறை காலுறையை அலசுகிறேன்.
முதல் தண்ணீர் மை,
இரண்டாவது பால் விடாத தேநீர்,
மூன்றாவதை நான் பார்ப்பதில்லை.

வடக்கு மேட்டில், கூடாரக் குடியிருப்பில்
அக்கா ஹந்த்சூரென் இருக்கிறாள்.
ஓர் இரவுக்கு அரை மூட்டைக் கரி.
நேற்று போனில் கேட்டாள்:
"பிள்ளைக்கு இருமல் நின்றதா?"
நின்றது என்றேன்.
கையில் காலுறை,
பிழியப் பிழியக் கறுப்பு.
இதில் எது அவள் அடுப்பு,
எது பக்கத்துக் கூடாரத்து அடுப்பு?

"இன்னும் கொஞ்சம் கரி போட்டுக்கொள், அக்கா,
விடியற்காலையில்தான் குளிர் ஏறும்."

ரேடியேட்டர் மேல் காயப்போட்டுவிட்டு வந்தால்
டேப்பின் ஓரத்தில் சிவப்பு கசிகிறது.
இன்னொரு துண்டு ஒட்டினேன்.