கீழ் இமை

சீரகச் சம்பா வந்த பையில் சேர்த்துவைத்தேன்:
சீப்பில் வருவதை, சாக்கடைச் சல்லடையில் சுற்றிக்கொள்வதை,
தலையணையில் வளைந்து கிடப்பதை.
பை உப்பிக்கொண்டே போனது.
தலை மட்டும் ஒரு ரப்பர் பேண்டை
மூன்று சுற்றிலிருந்து ஐந்து சுற்றுக்குக் கொண்டுபோனது.

போர்த்தண்ணி, என்றாள் நாத்தனார். ஆம்பூர்த் தண்ணியில் பருப்பே வேகாது.
கண்ணு, என்றாள் மாமியார்.
தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி பார்க்கும் கொழுந்தன்
"இன்னா அண்ணி, நம்ம குழில வுழுந்துட்டியா?
அங்க ஆட்டுக்கும் இப்டிதான், இழுத்தா வந்துடும்" என்றான்.
சிரித்தேன்.
ராத்திரி ஒன்றை இழுத்துப் பார்த்தேன்.
வந்தது.

வீட்டுக்காரருக்கு ஒரு பழைய கேலி பாடம்.
வெளியூர் ஆள் வந்தால் வேலூரை விரல் மடக்கிச் சொல்வார்:
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை.
கடைசி விரல் எப்போதும் பெண்களுக்கு: அழகில்லாத.
இந்த முறை அந்த விரல் மடங்கவில்லை.
என் வகிட்டைப் பார்த்தார், டீயை எடுத்துக்கொண்டார்.
சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

விடியற்காலை பஸ், வேலூர், டோக்கன் நூற்றி நாற்பது.
டாக்டர் லீபா பையை வாங்கிப் பார்க்கவில்லை.
பிரசவமா என்றார். சின்னவனுக்கே ஆறு வயது.
கொண்டையை இறுக்கிப் போடுவீங்களா?
கம்பெனித் தொப்பிக்குள் வேறு எப்படிப் போடுவது.
தைராய்டுக்கு ஒரு ரத்தம், மற்றதற்கு ஒரு ரத்தம்.
"இன்னிக்கு உதிர்றது இன்னிக்கு நடந்ததுக்காக இல்லம்மா.
மூணு மாசம் முன்னாடி உடம்புக்கு ஏதோ நடந்திருக்கும்.
முடி லேட்டாத்தான் சொல்லும்."

பின்னோக்கி எண்ணினேன்.
ஐப்பசி. ஜெர்மனி ஆர்டர், இரண்டு ஷிப்டு.
டெங்கு, ஏழு நாள்.
எட்டாம் நாள் மெஷினில்,
இடது கால் பூட்ஸ் நானூறு ஜோடிக்கு மேல்தையல்.
அந்த மாசம் அழ நேரமில்லை.
அதைத்தான் தலை இப்போது செய்கிறதோ என்னவோ.

தலையைக் காட்ட வந்தவளின்
கீழ் இமையை இழுத்துப் பார்த்தார் டாக்டர்.
"மாசம் எத்தனை நாள் போகும்?"
ஒன்பது.
"எத்தனை வருஷமா?"
எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக:
"பச்சரிசி தின்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.
மெஷின் டிராயரில், நூல்கண்டுக்குப் பின்னால்
ஒரு டப்பா அரிசி இருப்பது
எனக்கும் பக்கத்து மெஷின் ஜபீனாவுக்கும் மட்டுமே தெரியும்.
நானும் அவளும் மென்றுகொண்டே இருப்போம்,
எலிகள் மாதிரி.

தைராய்டு சரியாம்.
ரத்தம் ஏழு புள்ளி இரண்டு.
மாத்திரையை டீயோடு போடக் கூடாது,
எலுமிச்சைத் தண்ணியோடு போடலாம்.
கர்ப்பப்பைக்கு ஒரு ஸ்கேன், வேறு கட்டடம், வேறு வரிசை.
முடி வர ஆறு மாசம், அதுவும் மெல்லத்தான்.

செவ்வாய்க்கிழமை சைக்கிளில் சவுரிக்காரன் வந்தான்.
பையைக் கொக்கித் தராசில் மாட்டி
"இந்த வாட்டி நல்ல வெயிட்டுக்கா" என்று வாழ்த்தினான்.
ஒரு சில்வர் டம்ளர் கொடுத்தான்.
அதில்தான் மாத்திரை போடுகிறேன்,
விளிம்பு கொஞ்சம் கோணல்.

நேற்று கம்பெனி பஸ்.
ஜபீனா ஜன்னலோரம், கை உறைக்குள்ளிருந்து
நாலு அரிசி எடுத்து வாயில் போட்டாள்.
அவள் முக்காட்டுக்குள் என்ன மிச்சம் என்று
நான் பார்த்ததில்லை, யாருமே பார்த்ததில்லை.
மேல்பட்டி கேட் மூடியிருந்தது. ரயில் வரவில்லை.
செல்போன் டார்ச்சைப் போட்டு
இங்க பாருடி என்றேன்.
கட்டைவிரலால் அவள் கீழ் இமையை இழுத்தேன்.

வெள்ளை.
கஞ்சி போட்ட துணி மாதிரி.

"இன்னாடி" என்றாள்.
"ஒன்பது நாளா?" என்றேன்.
"பன்னெண்டு" என்றாள்.