ஏழாம் கேள்வி

பிரதேச செயலகம் தந்த படிவம் மூன்று பக்கம்.
முதல் ஆறு கேள்விக்கும்
சனம் விறுவிறென்று பதில் சொல்லும்:
கிணறா குழாயா, எத்தனை பேர்,
வெளிநாட்டில் ஆர்.
ஏழாவது வந்தால்
எல்லாருக்கும் அடுப்பில் தேத்தண்ணி ஞாபகம் வரும்.

"எங்கட ஒழுங்கையில அப்பிடி ஒருத்தரும் இல்லை,
றெயில் பாதைக்கு அங்கால கேட்டுப் பாருங்கோ."
அங்கால போனேன்.
"ஐயோ, அது சந்திப் பெடியளெல்லோ."
சந்தியில் கடைக்காரர் தராசைத் துடைத்தபடி
"தோட்டப் பக்கம்" என்றார்.
வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றவர்
மண்வெட்டியை நீட்டிக் காட்டியது
நான் முதல் புறப்பட்ட ஒழுங்கையை.

சைக்கிளில் சுதுமலையை ஒரு வட்டம் சுற்றி முடித்தேன்.
இருநூற்றுப் பதினொரு வீடு.
இருநூற்றுப் பதினொரு "இல்லை".

ஆனாலும் பழைய இரும்புக் கடையில்
தண்ணி இறைக்கிற மோட்டர்கள் கிடக்கின்றன,
ஈரம் காயாமல்.
ஆருடையதென்று கேளாமல் நிறுத்து வாங்கியவருக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.
திருவிழா உபயத்தில் புதுப் பெயர் ஒன்று,
காசு எங்காலயென்று
சபையில் ஒருத்தர் இருமக்கூட இல்லை.
அதற்கும் கட்டம் இல்லை.
வேலையில்லாத பின்னேரங்கள், பாரிஸிலிருந்து
மாதம் தவறாமல் வரும் அண்ணனின் காசு,
வருசத்தில் ஒருதரம்கூட வராத அண்ணன் –
எங்கே எழுத?

கடைசி வீடு தவமலருடையது.
கிணற்றடிச் சீமெந்தில்
நாலு ஆணி மட்டும் நிமிர்ந்து நின்றன.
அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி, புதுசு.
"நிதுர்ஷன், இருபத்திரண்டு" என்று சொல்லி நிறுத்தினா.
பிறகு,
"மூத்தவளுக்குக் கனடாவில ஒரு பேச்சு வந்திருக்கு.
இந்தக் கடதாசி ஆராரிட்டப் போகும், தங்கச்சி?"

மாவட்டத்துக்குப் போகும்.
கூட்டத்தில் சுவரில் நிறநிறமாய் விழும்.
றோல்ஸ் சாப்பிட்டபடி பார்ப்பினம்.
பெயர் போகாது, எண் மட்டும்தான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளிருந்து கதவில் தட்டு.
பிறகு உதை.
அவ கேளாதவ மாதிரி இருந்தா.

"ஆம் எண்டே போடுங்கோ.
பேனையால வேண்டாம்.
பென்சிலால."

என்னிடம் பென்சில் இல்லை.
எழும்பிப் போய் ஒரு கொம்பாஸ் பெட்டி கொண்டு வந்தா,
மூடியில் அவன் பெயரும் வகுப்பும் கீறியிருந்தது.
உள்ளே அடிமட்டம், பாதி அழிறப்பர்,
குட்டைப் பென்சில்.
கவராயம் இருக்கவேண்டிய இடம் வெறும் பள்ளம்.

நான் அதைப் பார்த்ததை அவவும் பார்த்தா.
"கூரான சாமான் ஒண்டும்
இப்ப கைக்கெட்ட வைக்கிறேல்லை."