உள்ளங்கைக் கணக்கு

புளோக் நானூற்றுப் பதினேழின் கீழே
மூன்றாம் தூணிலிருந்து ஒன்பதாம் தூண்வரை
அறுபதடி ஆறங்குலம்.
அளந்தது நான்,
அப்பாவின் கடை நாடாவைப் பன்னிரண்டு முறை கிடத்தி
மேற்கொண்டு ஆறங்குலம்.
பந்து விளையாடக் கூடாதென்று
நான்கு மொழியில் சொன்ன பலகைக்கு நேர் கீழே
குந்தியிருந்தேன்.
லோகேந்திரன் எறிந்தான்.

வேகமானி வாங்கப் பள்ளியில் காசில்லை.
என் இடக்கை இருந்தது.
சுட்டுவிரலின் அடியில் சுரீரென்றால் நூற்றுப்பத்து.
மணிக்கட்டுவரை ஏறினால் நூற்றிருபது.
பந்து சேர்ந்த மறுகணம் "எவ்வளவு?" என்பான்.
சொல்வேன். நம்ப மாட்டான்.
பின்னால் கருவி வந்தது.
இரண்டு மூன்றுதான் வித்தியாசம்.

பேஸ்பாலில் நூற்றெட்டுத் தையல்.
அதை அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.
தேசியத் தேர்வுக்கு முதல்நாள்
பந்தை மஞ்சள் துணியில் வைத்து
ஒரு தையலுக்கு ஒரு போற்றியாகச் சொல்லி முடித்திருந்தார்.
சிவப்பு நூலெல்லாம் திருநீறு.
நடுவர் பந்தை மோந்து பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
வேறு பந்து கொடுத்தார்.
அதில்தான் ஏழு பேரை வீழ்த்தினான்.

தேசிய சேவையில் பயிற்சிக் குண்டை
மரங்களுக்கு அப்பால் வீசிவிட்டு
மத்தியானம் முழுக்கத் தேடினான்.
சார்ஜன்ட் நிழலில் உட்கார்ந்து
இன்னும் தூரம், இன்னும் தூரம் என்று
கையைக் காட்டிக்கொண்டிருந்தாராம்.

பிறகு பெர்த்.
ஒரே பக்க ஒப்பந்தம்.
வாரப்படி, கோப்பிக்கடையில் மேசை துடைப்பவருக்கும் கீழே.
அதையும் சட்டம் போட்டு மாட்டினார் அம்மா.
நூற்று முப்பத்தேழு, இங்கே அது பேச்சு.
அங்கே அது உடம்பு சூடாக எறிந்து பார்க்கும் பந்து.
நான்கு ஆட்டம், பதினொரு விக்கெட் என்று
உறவுக்காரர்களிடம் சொன்னார்கள்,
கிரிக்கெட் இல்லையென்று யாரும் திருத்தவில்லை.
பன்னிரண்டாமவன் அடித்தது
இன்னும் தரையிறங்கவில்லை என்று
போனில் சொல்லிச் சிரித்தான்.
அப்புறம், "இங்க கையால சொல்ல ஆளில்லடா."
நான் அப்போது உட்லண்ட்ஸில்
காப்புறுதி விற்றுக்கொண்டிருந்தேன்.
எதிரில் வாடிக்கையாளர்.
"பிறகு கூப்பிடறேன்" என்றேன்.

ஜெர்மனியில் ஒரு கோடை, இரண்டாம் பிரிவு.
ஆட்டமில்லாத நாளில் புல்லும் அவனே வெட்ட வேண்டும்.
அங்கேதான் முழங்கை போனது.
மணிக்கட்டில் சும்மா கிடந்த தசைநாண் ஒன்றை உருவி
மூட்டில் கட்டினார்கள்.
பதினான்கு மாதத்தில் கை திரும்பி வந்தது.
வேறு யாருடையதோ போல.

இப்போது பாசிர் பாஞ்சாங்.
பாரந்தூக்கியின் உச்சியில் கண்ணாடிக் கூண்டு.
நாற்பதடிப் பெட்டியை
நான்கு மூலையும் பொருந்த இறக்கி வைக்கிறான்,
காலுக்குக் கீழே கடலும் லாரியும் தெரிய.
"வேகம் போனப்புறம்தான் குறி வருது, பாத்தியா"
என்று ஒருமுறை சொன்னான்.
ஷிப்ட் இடம் கொடுத்தால் ஞாயிறு ஆட்டம்.

போன ஞாயிறு, ஏழாவது இன்னிங்ஸ்.
மின்னல் எச்சரிக்கை அலறியது.
விளக்கு சுழன்றது.
கணக்கரும் நடுவரும் பெஞ்சுப் பையன்களும்
கூரைக்கு ஓடினார்கள்.
அவன் மேட்டைவிட்டு இறங்கவில்லை.
இன்னும் ஒன்று என்று விரல் காட்டினான்.

முப்பத்தாறு வயது முட்டி
சத்தம் போட்டு மடங்கியது.
வளைபந்து கேட்டு இரண்டு விரல் நீட்டினேன்.
மாட்டேன் என்று தலையசைத்தான்,
எப்போது நான் கேட்டது கொடுத்திருக்கிறான்.
வேகப்பந்து.

வந்தது.
கையுறையில் ஓசை நன்றாகத்தான் இருந்தது.
சுட்டுவிரலின் அடியில் ஒன்றுமில்லை.

"எவ்வளவு?"

"கிளவ் நனைஞ்சுபோச்சுடா,
சரியாத் தெரியல."

ஒரு துளிகூட
அப்போது விழுந்திருக்கவில்லை.